டீலிஸ்டிங் அறிவிப்பு வந்திருக்கிறது: புரமோட்டர் சொல்லும் விலைக்கே பங்கைக் கொடுத்துவிட வேண்டுமா?

சிறுதுளி எழுதியது:

வணக்கம். நான் வைத்திருக்கும் ஒரு நடுத்தர இன்ஜினியரிங் கம்பெனி, பங்குச் சந்தையிலிருந்து விலகப் போவதாக அறிவித்திருக்கிறது. விவரம் இது:

மொத்தப் பங்குகள் 1 கோடி. கம்பெனியைக் கட்டுப்படுத்தும் புரமோட்டர் குடும்பத்திடம் 72 லட்சம், பொதுமக்களிடம் 28 லட்சம். ஃப்ளோர் ப்ரைஸ் 410 ரூபாய். புரமோட்டர் தன் பக்கமிருந்து 450 என்று ஒரு விலை சொல்லியிருக்கிறார். சந்தையில் இன்று 468-க்கு ஓடுகிறது. என்னிடம் 600 பங்குகள்.

ரிவர்ஸ் புக் பில்டிங் முறையில், அதாவது பங்குதாரர்களே விலை கேட்கும் ஏலமாக, நடக்கும் என்று போட்டிருக்கிறது. தபால் ஓட்டுக்கான நோட்டீஸ் இப்போதுதான் வந்தது. என் கேள்விகள்:

450 என்பது நியாயமான விலையா, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பெனியின் உள்விவரம் முழுக்கத் தெரிந்தவர்கள் விலை சொல்கிறார்கள், வெளியிலிருந்து பார்க்கும் நான் எதை வைத்து எடைபோடுவது? 600 பங்கு வைத்திருப்பவன் ஓட்டுப் போட்டு ஏதாவது மாறுமா? கொடுக்காமல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்?

பேரேடு எழுதியது:

விலையைப் பார்ப்பதற்கு முன்னால், எந்த வழியில் வெளியேற்றுகிறார்கள் என்று பாருங்கள். புரமோட்டர் பொதுப் பங்குதாரரை வெளியே அனுப்ப நம் நாட்டில் பல வழிகள் உண்டு. ரிவர்ஸ் புக் பில்டிங், நிலையான விலை, வேறொரு கம்பெனியின் பங்கை மாற்றாகக் கொடுக்கும் ஸ்கீம், டீலிஸ்டிங்குக்குப் பிறகு பங்கு மூலதனக் குறைப்பு. இவற்றில் சிறுபங்குதாரரின் கை ஓங்கியிருப்பது முதல் வழியில் மட்டும்தான். உங்களுடையது அந்த வழி. அதனால் நிலைமை மோசமில்லை.

ஃப்ளோர் ப்ரைஸ் என்பது நியாய விலை அல்ல. இதற்குக் கீழே கேட்கக் கூடாது என்ற கோடு, அவ்வளவுதான். முந்தைய 60 வர்த்தக நாட்களில் கைமாறிய பங்கு எண்ணிக்கைக்கு ஏற்ப எடையிட்ட சராசரி விலை, 52 வாரத்தில் புரமோட்டர் வாங்கியிருந்தால் அதன் சராசரி, 26 வாரத்தில் அவர் கொடுத்த உச்ச விலை, இப்படிச் சில எண்களில் எது பெரியதோ அதுதான் ஃப்ளோர். பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் 2024 செப்டம்பர் திருத்தத்தில் சரிக்கட்டிய புத்தக மதிப்பும் (adjusted book value, கணக்கில் உள்ள சொத்து மதிப்பை வேல்யூவர் திருத்திப் போடுவது) இந்தப் பட்டியலில் சேர்ந்தது. பங்கு அடிவாங்கிக் கிடக்கும் நேரம் பார்த்து அறிவித்தால் 60 நாள் சராசரியும் கீழேதான் இருக்கும். எந்த நேரத்தில் அறிவிப்பது என்பது முழுக்க அவர் கையில். உள்ளே இருப்பவருக்கு இருக்கும் முதல் வசதியே அதுதான்.

450-ஐ எப்படிப் படிக்க வேண்டும்? அதே திருத்தம் நிலையான விலையில் டீலிஸ்ட் செய்யவும் வழி கொடுத்தது. அந்த வழியில் போனால் ஃப்ளோருக்கு மேல் குறைந்தது 15 சதவீதம் தர வேண்டும். உங்கள் கணக்கில் 410-க்கு 15 சதவீதம் கூட்டினால் 471 ரூபாய் 50 காசு. அவர் சொல்வது அதைவிடக் குறைவு, சந்தை விலையைவிடவும் குறைவு. அதனால் 450 ஒரு தொடக்கப் பேச்சு மட்டுமே. அதில் அவருக்கு ஒரு கட்டு மட்டும் உண்டு. கண்டறியப்படும் விலை 450-க்கு உள்ளேயே நின்றுவிட்டால் அவர் பின்வாங்க முடியாது.

இனி ஏலம் நடக்கும் விதம். புரமோட்டரின் பங்கு 90 சதவீதத்தைத் தொட வேண்டும். உங்கள் கம்பெனியில் 72 லட்சம் இருக்கிறது, இன்னும் 18 லட்சம் வேண்டும். பங்குதாரர்கள் ஆளுக்கொரு விலை போடுவார்கள். விலையைக் கீழிருந்து மேலாக அடுக்கி, 18 லட்சத்தை எந்த விலையில் தாண்டுகிறதோ அதுதான் எல்லோருக்குமான விலை. இப்படி வருகிறது என்று வையுங்கள்:

450-க்கு 5 லட்சம்
480-க்கு 4 லட்சம் (கூட்டுத்தொகை 9)
520-க்கு 4.5 லட்சம் (13.5)
600-க்கு 3 லட்சம் (16.5)
680-க்கு 2 லட்சம் (18.5)

18 லட்சம் 680-ல் தாண்டுகிறது. விலை 680. 450 போட்டவருக்கும் 680-தான் கிடைக்கும். புரமோட்டர் அதை ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் எதிர்விலை சொல்லலாம். ஆனால் வந்த எல்லா ஏலங்களின் எடையிட்ட சராசரிக்குக் கீழே அந்த எதிர்விலை போகக் கூடாது. மேலே உள்ள கணக்கில் அது சுமார் 522 ரூபாய் 70 காசு. 90 சதவீதமே எட்டாமல் போனாலும் இப்போது எதிர்விலைக்கு வழி இருக்கிறது. புரமோட்டர் 75 சதவீதத்துக்குக் குறையாமல் வர வேண்டும், பொதுமக்களின் பங்கில் பாதியாவது, அதாவது உங்கள் கம்பெனியில் 14 லட்சமாவது, ஏலத்துக்கு வந்திருக்க வேண்டும். எதிர்விலையிலும் 90-ஐத் தொட்டால்தான் டீலிஸ்டிங்.

விலையைத் தீர்மானிப்பது கடைசியாக வரும் அந்தச் சில லட்சம் பங்குகள்தான் என்பது இந்தக் கணக்கிலிருந்து தெரியும். 450-லிருந்து 680-க்கு உங்கள் 600 பங்குக்கான வித்தியாசம் 1,38,000 ரூபாய்.

ஓட்டு விஷயம். சிறப்புத் தீர்மானத்தில் புரமோட்டரும் ஓட்டுப் போடுவார், ஆனால் தனியாக இன்னொரு சோதனை இருக்கிறது. பொதுப் பங்குதாரரில் ஆதரவு ஓட்டு, எதிர்ப்பு ஓட்டைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு வர வேண்டும். கணக்கில் வருவது போட்ட ஓட்டு மட்டும். 28 லட்சத்தில் 12 லட்சம்தான் பதிவானால், 4 லட்சத்துக்கு மேல் எதிர்ப்பு விழுந்தாலே தீர்மானம் தோற்கும். மீதி 16 லட்சம் வீட்டில் இருந்தால் அது யாருக்குச் சாதகம் என்று சொல்ல வேண்டியதில்லை. பலருக்கு டீமேட் கணக்கில் பழைய மின்னஞ்சல் முகவரி, நோட்டீஸே போய்ச் சேருவதில்லை. அதை முதலில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று கவனியுங்கள். ஆதரவாக ஓட்டுப் போட்டுவிட்டு ஏலத்தில் உயர்ந்த விலை கேட்பதில் எந்த முரணும் இல்லை. ஓட்டு கதவைத் திறக்கிறது. விலை பேசுவது உள்ளே போன பிறகு.

மூன்றாம்தளம் எழுதியது:

பேரேடு சொன்னதில் எல்லாம் உடன்படுகிறேன். "உள்ளே இருப்பவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதே" என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நியாயம் இருக்கிறதா இல்லையா என்பது அங்கேதான் இருக்கிறது.

எஸ்ஸார் ஆயில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 2015 டிசம்பரில் ஒரு பங்குக்கு 262 ரூபாய் 80 காசு கொடுத்து டீலிஸ்ட் செய்தார்கள். அதே 2015 ஜூலையிலேயே ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுடன் பங்கு விற்பனைக்கான முதல் கட்ட ஒப்பந்தம் ஆகியிருந்தது. 2016 அக்டோபரில் ரோஸ்நெஃப்ட்டும் டிராஃபிகுரா தலைமையிலான குழுவும் கம்பெனியை வாங்க ஒப்பந்தம் போட்டன. 2017 ஆகஸ்டில் கைமாறியது. அந்த விலைக்கும் டீலிஸ்டிங் விலைக்கும் உள்ள வித்தியாசமாகப் பங்குக்கு 75 ரூபாய் 48 காசு, முன்பு பங்கைக் கொடுத்தவர்களுக்குத் திரும்ப வந்தது. அந்தத் தொகை வரக் காரணம், வேறொருவருக்கு விற்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது பொதுவெளிக்குத் தெரிந்திருந்ததும், பின்னால் அதிக விலை வந்தால் வித்தியாசத்தைத் தருவோம் என்ற உறுதியைச் செபி எழுத்தில் வாங்கியதும். அப்படி ஒரு உறுதி இல்லாத கம்பெனியில் அடுத்த வருடம் என்ன விலைக்குக் கைமாறினாலும் உங்களுக்கு ஒரு பைசா வராது. ஆஃபர் லெட்டர் வந்ததும் அதில் இந்த உறுதி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் சுயாதீன இயக்குநர்களுக்கு எழுதிக் கேளுங்கள்: "கம்பெனியையோ அதன் ஒரு பிரிவையோ விற்க, பங்குதாரர் சேர்க்கப் பேச்சு நடக்கிறதா?"

கையில் எடுத்துப் படிக்க வேண்டியவை:

முதலில், வெளியிலிருந்து அமர்த்தப்படும் கம்பெனி செகரட்டரி தரும் டியூ டிலிஜென்ஸ் (சரிபார்ப்பு) அறிக்கை. இயக்குநர் குழு ஒப்புதலுக்கு முன் இதை வாங்கியே ஆக வேண்டும். புரமோட்டர் தரப்பும் முதல் 25 பெரிய பங்குதாரர்களும் கடந்த இரண்டு வருடத்தில் வாங்கி விற்றதை எல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டும். பொதுமக்கள் பட்டியலில் இருக்கும் ஏதோ ஒரு தனியார் நிறுவனம் கடைசி ஆறு மாதத்தில் 3, 4 சதவீதம் சேர்த்திருக்கிறதா என்று காலாண்டுப் பங்குப் பட்டியலை வைத்து ஒத்துப் பாருங்கள். அந்தப் பங்கு 450-க்கே ஏலத்துக்கு வந்தால் உங்கள் 18 லட்சத்தில் பெரும்பகுதி மலிவாகவே நிரம்பிவிடும். ஓட்டிலும் அது பொதுமக்கள் கணக்கில் விழும். நண்பர்களின் பெயரில் வாங்கி வைக்கும் பழைய தந்திரம் இதுதான்.

அடுத்தது சுயாதீன இயக்குநர் குழுவின் பரிந்துரை. ஏலம் தொடங்க இரண்டு வேலை நாட்களுக்கு முன்பாவது, காரணத்தோடு, செய்தித்தாளில் வர வேண்டும். "விலை விதிமுறைப்படி இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருந்தால் அது பரிந்துரையே இல்லை. விதிமுறைப்படி இருப்பது வேறு, நியாயமாக இருப்பது வேறு.

பிறகு ஐந்து வருட ஆண்டறிக்கை. இதில் எங்கே பார்ப்பது?

நிலம். இன்ஜினியரிங் கம்பெனி என்கிறீர்கள். பழைய தொழிற்பேட்டையில் பல வருடங்களுக்கு முன் வாங்கிய இடம் வாங்கிய விலையிலேயே கணக்கில் கிடக்கும். சரிக்கட்டிய புத்தக மதிப்பைக் கணித்த வேல்யூவர் அந்த நிலத்தை எந்த விலைக்கு எடுத்தார் என்று கேளுங்கள். இடம் சொந்தமா குத்தகையா என்பதும் அறிக்கையிலேயே இருக்கும்.

ராயல்டியும் புரமோட்டரின் சொந்த நிறுவனங்களுடனான கொடுக்கல் வாங்கலும். விற்பனையில் 2 சதவீதம் இருந்தது அறிவிப்புக்கு முந்தைய வருடம் 4 ஆகியிருந்தால், லாபம் குறைந்தது தொழிலால் அல்ல. இது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்சேஞ்சில் தாக்கலாகிறது.

ஒருமுறைச் செலவுகள். வராக்கடன், பழைய சரக்கு என்று ஒரே காலாண்டில் மொத்தமாகத் தள்ளி எழுதியிருக்கிறார்களா? அந்தக் காலாண்டு ஃப்ளோர் கணக்கின் 60 நாளுக்குச் சற்று முன்னால் விழுகிறதா?

கட்டி முடியும் நிலையில் இருக்கும் புதிய ஆலை. பணம் போட்டாகிவிட்டது, விற்பனை இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் லாபத்தை வைத்து விலை போட்டால் கம்பெனி மலிவாகத்தான் தெரியும். உள்ளே இருப்பவருக்கு உற்பத்தி தொடங்கும் தேதி தெரியும்.

டிவிடெண்டைத் திடீரென்று நிறுத்தி வங்கியில் பணம் சேர்த்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பணத்திலேயே உங்களை வாங்கப் போகிறார்கள்.

எல்லாப் புரமோட்டரும் இப்படிச் செய்கிறார் என்று சொல்லவில்லை. ஆனால் வாங்குகிறவரும் அவரே, கம்பெனியின் கணக்கு எப்போது எப்படித் தெரிய வேண்டும் என்று தீர்மானிப்பவரும் அவரே. அந்த முரண் இருக்கும் வரை நீங்கள் சரிபார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஏலக்குரல் எழுதியது:

என் கருத்து கொஞ்சம் கடுமையானது. தொழில் நன்றாக இருக்கிறது என்று நம்பினால் துணிந்து உயர்ந்த விலை கேளுங்கள்.

லிண்டே இந்தியா, 2019 ஜனவரி. ஃப்ளோர் 428 ரூபாய் 50 காசு. ஏலத்தில் வந்த விலை 2,025. வெளிநாட்டுத் தாய்க் கம்பெனி மறுத்துவிட்டது, பங்கு சந்தையிலேயே நின்றது. சில வருடங்களில் 6,000-ஐத் தாண்டியது. 428-க்கு மேல் கொஞ்சம் போதும் என்று பயந்து கொடுத்திருந்தால்?

வேதாந்தா, 2020 அக்டோபர். கொரோனா அடியில் கிடந்த பங்குக்கு 87 ரூபாய் 50 காசு சொல்லி ஆரம்பித்தார்கள். எல்.ஐ.சி. தன் 6.37 சதவீதத்துக்குக் கேட்டது 320 ரூபாய். தேவைப்பட்டது சுமார் 134 கோடிப் பங்கு, உறுதியான ஏலம் 125.47 கோடி. தோற்றது. மறு வர்த்தக நாளில் பங்கு ஏறக்குறைய 20 சதவீதம் விழுந்தபோது எல்.ஐ.சி.யைத் திட்டாதவர் இல்லை. ஒரு வருடம் கழித்து அதே பங்கு 300-க்கு மேலே இருந்தது. 2022-23 நிதியாண்டில் மட்டும் டிவிடெண்டாக 101 ரூபாய் 50 காசு வந்தது.

பேரேடு எழுதியது:

ஏலக்குரல் சொன்ன இரண்டும் உண்மை. ஆனால் அந்த இரண்டையும் வைத்து 600 பங்குக்காரருக்கு முடிவு சொல்ல முடியாது. லிண்டே ஆக்சிஜன், நைட்ரஜன் என்று தொழிற்சாலைக்கு வாயு விற்கும் கம்பெனி, உங்கள் இன்ஜினியரிங் தொழில் வேறு. வேதாந்தாவுக்கு அடுத்த வருடம் உலோக விலையும் கச்சா எண்ணெயும் ஏறின. ஏலம் தோற்ற பிறகு இறங்கியது இறங்கியபடியே கிடக்கும் பங்குகளும் உண்டு. அவற்றை யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை.

வேதாந்தாவில் இன்னொன்றும் நடந்தது. முதலில் திரையில் தெரிந்த ஏலம் 137 கோடிக்கு மேல், அதாவது தேவைக்கும் அதிகம். அதில் 12 கோடிக்கு மேல், பெரிய முதலீட்டாளர்களின் பங்கை வைத்துப் பராமரிக்கும் கஸ்டோடியன் உறுதி செய்யாமல் கழிந்தது. ஏலத்தின் கடைசி நாளான ஐந்தாம் நாள் மாலை திரையில் தெரியும் எண்ணை நம்பி முடிவு எடுக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

எதிர்ப்பக்கம் ஒரு உதாரணம். ஹெக்ஸாவேர், 2020. ஃப்ளோர் 264 ரூபாய் 97 காசு, வாங்குபவர் சொன்னது 285, ஏலத்தில் வந்தது 475. ஏற்றுக்கொண்டார்கள். பங்குதாரர் ஏலத்தை ஒழுங்காகப் பயன்படுத்தினால் என்ன வரும் என்பதற்கு இது நல்ல சான்று. 2025 பிப்ரவரியில் அதே கம்பெனி 708 ரூபாய்க்கு மீண்டும் சந்தைக்கு வந்தது. ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை: இடையில் முகமதிப்பு 2 ரூபாயிலிருந்து 1 ரூபாயாகப் பிரிந்தது. பழைய ஒரு பங்குக்கு 1,416 என்று பார்க்க வேண்டும். 475 அன்றைக்கு நல்ல விலைதான். அதற்கு மேலான வளர்ச்சி வாங்கியவருக்குப் போனது.

5,000, 10,000 என்று கேலிக்காக விலை போடுபவர்கள் ஒவ்வொரு ஏலத்திலும் இருக்கிறார்கள். அந்தப் பங்கு கணக்கில் இருந்தும் இல்லாத மாதிரிதான். உங்கள் மதிப்பீட்டில் கம்பெனி 620 பெறும் என்றால் 620 முதல் 650-க்குள் போடுங்கள். விலை அதற்கு மேல் நின்றால் மேலான விலையே கிடைக்கும். கீழே நின்றால் உங்கள் பங்கு திரும்பி வரும், பிறகு முடிவெடுக்கலாம்.

முக்கியமாக, ஏலத்தை மேல்நோக்கி மட்டுமே திருத்த முடியும். 700 போட்டுவிட்டு 600-க்கு இறக்க முடியாது. திருத்துவதும் திரும்பப் பெறுவதும் முடிவு நாளுக்கு முந்தைய வேலை நாள் வரைதான். எனவே கீழிருந்து தொடங்குங்கள்.

வரவுசெலவு எழுதியது:

நடைமுறையில் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஏலம் ஐந்து வேலை நாட்கள். உங்கள் புரோக்கர் கடைசி நாள் மதியத்துக்கு முன்பே வாசலைச் சாத்திவிடுவார். சில செயலிகளில் விலை போடும் கட்டமே இருக்காது, ஃப்ளோர் விலையிலேயே போய்விடும். முதல் நாளே வாடிக்கையாளர் சேவையில் கேட்டு, விலை போட வழி எது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏலம் பதிவானதும் வரும் சீட்டில் ஏல எண், பங்கு எண்ணிக்கை, விலை மூன்றும் இருக்கிறதா பாருங்கள். ஃப்ளோருக்குக் கீழே போட்டது தள்ளுபடியாகும்.

மார்ஜினுக்காக (வர்த்தகத்துக்கு ஈடாகப் புரோக்கரிடம்) அடகு வைத்த பங்கை முதலில் விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் ஏலம் ஏறாது. ஏலத்துக்குக் கொடுத்த பங்கு உங்கள் டீமேட்டிலேயே பூட்டப்பட்டு நிற்கும், ஏற்கப்பட்டால்தான் போகும். பங்கு காணாமல் போனதாகப் பயப்பட வேண்டாம்.

வரி. ஏலம் எக்ஸ்சேஞ்ச் வழியாக நடப்பதால் எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி) பிடிப்பார்கள், சந்தையில் விற்றது போலவே வரி. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் 20 சதவீதம். டீலிஸ்டிங் முடிந்த பிறகு வெளியேறும் வாய்ப்பில் கொடுத்தால் கதை வேறு. அது பட்டியலிடப்படாத பங்கு. நீண்டகாலம் என்பதற்கு 24 மாதம் வேண்டும், 1.25 லட்சச் சலுகை இல்லை, குறுகிய காலமென்றால் உங்கள் வருமான வரி வரம்பின்படி. அதே 680 ரூபாய்தான், கையில் வருவது குறையும். ஏலத்தில் கொடுப்பதா, பிறகு கொடுப்பதா என்று யோசிக்கும்போது இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சிறுதுளி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆண்டறிக்கையைத் திறந்து பார்த்தேன், நிலம் வாங்கிய விலையில்தான் இருக்கிறது. இயக்குநர்களுக்கு எழுதப் போகிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். அப்பா பெயரில் 200 பங்கு காகிதச் சான்றிதழாகவே இருக்கிறது, அவர் இப்போது இல்லை. அதை ஏலத்தில் கொடுக்க முடியுமா? ஏலம் வெற்றி பெற்றும் நான் கொடுக்காமலே இருந்துவிட்டால், பின்னால் வற்புறுத்தி வாங்க முடியுமா?

வரவுசெலவு எழுதியது:

காகிதச் சான்றிதழை 2019 ஏப்ரலிலிருந்து விற்றுப் பெயர் மாற்ற முடியாது என்றாலும், டீலிஸ்டிங் ஏலத்தில் கொடுக்கலாம். அசல் சான்றிதழ், கையெழுத்திட்ட எஸ்.எச்.-4 என்ற பங்கு மாற்றப் படிவம், பான் நகல் ஆகியவை புரோக்கர் வழியாக, கம்பெனியின் பங்குப் பதிவேட்டைப் பார்க்கும் ரெஜிஸ்ட்ராருக்குப் போக வேண்டும். உங்கள் சிக்கல் அதற்கு முந்தையது. அப்பா பெயரிலிருந்து வாரிசு பெயருக்கு மாறாமல் யாரும் கையெழுத்துப் போட முடியாது. நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழும் அடையாள ஆவணங்களும் போதும். நாமினி இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், உறுதிப் பத்திரம் என்று நீளும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை, பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம் என்று திருப்பி அனுப்புவது வழக்கம். இன்றே தொடங்குங்கள். ஏலத்துக்குள் முடியாவிட்டாலும் டீலிஸ்ட் ஆன தேதியிலிருந்து குறைந்தது ஒரு வருடம் அதே விலைக்கு வாங்க வேண்டிய கடமை புரமோட்டருக்கு இருக்கிறது. அந்த ஒரு வருடத்தைத் தவற விடாதீர்கள்.

ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் இருந்திருந்தால் அந்தப் பங்கு ஐ.இ.பி.எஃப். (அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதி) கணக்குக்குப் போயிருக்கலாம். அதையும் பாருங்கள். அங்கே இருக்கும் பங்கை 90 சதவீதக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள்.

மூன்றாம்தளம் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: முடியும், அதுவும் விலை பேசும் பலம் உங்களிடம் குறைந்த பிறகு.

டீலிஸ்ட் ஆன பிறகு புரமோட்டரிடம் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கும். கம்பெனிகள் சட்டம் 2013-ன் பிரிவு 236 அந்த அளவு வைத்திருப்பவர் மீதியை வாங்குவதைப் பற்றிப் பேசுகிறது. அதில் ஒரு நல்ல அம்சம்: சிறுபங்குதாரரில் முக்கால்வாசி வைத்திருப்பவர்கள் தனியாகப் பேசி அதிக விலை வாங்கினால், அந்த அதிகத்தை மற்றவர்களோடும் விகிதப்படி பகிர வேண்டும். ஆனால் நடைமுறையில் அதிகம் பயன்படுவது பிரிவு 66, மூலதனக் குறைப்பு. சிறப்புத் தீர்மானம் போட்டு, கம்பெனி தீர்ப்பாயத்தின் அனுமதி வாங்கி, புரமோட்டர் அல்லாதவர்களின் பங்கை மட்டும் ரத்து செய்து பணம் கொடுப்பார்கள். சான்ட்விக் ஏசியா வழக்கில் தனி நீதிபதி இதை மறுத்தார். 2009-ல் பம்பாய் உயர் நீதிமன்ற அமர்வு அனுமதித்தது. நியாயமான மதிப்புக் கொடுத்து, புரமோட்டர் அல்லாதவரில் பெரும்பான்மை ஒப்புக்கொண்டிருந்தால் போதும் என்ற நிலை அதிலிருந்துதான் உறுதியானது.

விலைக்காகப் போராடலாம், வென்றவர்களும் உண்டு. கேட்பரி இந்தியா பங்குக்கு 2002-ல் ஓபன் ஆஃபர் (பொதுமக்களிடம் பங்கை வாங்கத் தாய்க் கம்பெனி விடுத்த அழைப்பு) 500 ரூபாய். 2003-ல் டீலிஸ்ட் ஆனது. கொடுக்காமல் நின்றவர்களை வெளியேற்ற 2009-ல் மூலதனக் குறைப்பு கொண்டுவந்து 1,340 கொடுத்தார்கள். பங்குதாரர்கள் எதிர்த்தார்கள். நீதிமன்றம் அமர்த்திய வேல்யூவர் முதலில் 1,743 என்றார், ஆட்சேபங்களுக்குப் பிறகு அது 2,014 ரூபாய் 50 காசு ஆயிற்று. 2014 மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. விலை 50 சதவீதம் கூடியது. ஆனால் ஐந்து வருடம் வழக்கு, அதுவரை விற்கச் சந்தை இல்லை.

அந்தக் கட்டத்தில் வரியும் மாறும். மூலதனக் குறைப்பில் வரும் பணத்தில் கம்பெனியின் சேர்ந்த லாபத்துக்கு ஈடான பகுதி டிவிடெண்டாகவே கருதப்பட்டு உங்கள் வரம்பில் வரி விழும். வேல்யூவரும் "விற்கச் சந்தை இல்லை" என்று சொல்லி ஒரு தள்ளுபடி போடுவார். சந்தையை இல்லாமல் செய்தவரே அதற்கான தள்ளுபடியையும் அனுபவிப்பது எந்த விதத்தில் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. அறிக்கையில் அந்தத் தள்ளுபடி இருந்தால் ஆட்சேபத்தில் முதலில் அதை எழுதுங்கள்.

ஸ்கீம் வழியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இந்தத் திரியை வேறு கம்பெனிக்காரர்களும் படிப்பார்கள். ஐ.சி.ஐ.சி.ஐ. செக்யூரிட்டீஸ் அப்படித்தான் போனது. 100 பங்குக்கு 67 ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிப் பங்கு. ஏலம் இல்லை, விலை போட இடமே இல்லை. 2024 மார்ச் ஓட்டெடுப்பில் பொதுப் பங்குதாரர் ஆதரவு சுமார் 72 சதவீதம், இரண்டு மடங்குச் சோதனையைத் தாண்டியது. ஆனால் நிறுவனங்கள் அல்லாத சிறுபங்குதாரரில் ஆதரவு சுமார் 32 சதவீதம்தான். பொதுமக்கள் என்ற ஒரே பையில் ஃபண்டுகளையும் தனிமனிதரையும் போட்டதால் சிறியவர் குரல் அமுங்கியது. ஓட்டெடுப்பின்போது வங்கி ஊழியர்கள் பங்குதாரர்களைத் தொடர்புகொண்டதற்காக வங்கிக்கு அந்த ஜூனில் செபி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. முடிவு மாறவில்லை. தீர்ப்பாயத்தில் ஆட்சேபம் சொன்னவர்களில் குவாண்டம் மியூச்சுவல் ஃபண்டிடம் இருந்தது 0.08 சதவீதம். ஸ்கீமை எதிர்க்கச் சட்டம் கேட்பது 10 சதவீதம். 2025 மார்ச் 24-ல் பங்கு சந்தையை விட்டுப் போனது.

உங்களுக்கு ஏலம் இருக்கிறது சார். நிலத்தைப் பற்றி எழுதும் கடிதத்தைக் கம்பெனி செகரட்டரிக்கும், சுயாதீன இயக்குநர் குழுத் தலைவருக்கும், ஆஃபரை நடத்தும் மெர்ச்சன்ட் பேங்கருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். சர்வே எண், பரப்பளவு, ஆண்டறிக்கையின் பக்க எண், கணக்கில் உள்ள மதிப்பு, வேல்யூவர் எடுத்த மதிப்பு என்ன என்ற ஒரே கேள்வி. அவ்வளவு போதும். பதில் வராவிட்டால் அதே கடிதத்தை இணைத்து செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் போடுங்கள், 21 நாளுக்குள் நடவடிக்கை அறிக்கை தர வேண்டும். ஓட்டெடுப்பு முடிவதற்குள் அந்த 21 நாளும் முடியும்படி இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.